கார் ரேடியோவுக்காக கையிலிருந்த எல்லாவற்றையும் பணயம் வைத்தவர்! - மோட்டோரோலாவைத் தொடங்கிய பால் கால்வின் கதை

கார் வாங்கின ஒரு மாசத்துக்குள் நம்மில் பலரும் செய்யும் முதல் செலவு சீட் கவர். இரண்டாவது, மியூசிக் சிஸ்டம். கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரில் பேஸ் பத்தலை என்று தோன்றும். உடனே ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்று தேட ஆரம்பித்துவிடுவோம். கடைக்காரர் அரை நாளில் டேஷ்போர்டைக் கழற்றி, ஒயரை இழுத்து, மாட்டிக் கொடுத்துவிடுவார்.

90 வருடங்களுக்கு முன்னால் இதே வேலைக்கு இரண்டு பேர் நாள் கணக்கில் காருக்குள் குடியிருக்க வேண்டியிருந்தது. காரின் கூரைத் துணியைப் பிரிக்கணும், தரைப்பலகையை அறுக்கணும், இன்ஜினுக்குள் கையை விடணும். இவ்வளவும் செய்த பிறகு பாட்டு கேட்குமா, கரகரப்பு கேட்குமா என்பது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தின் மேல் தன் கம்பெனி, தம்பியின் உழைப்பு, கடன் வாங்கிய காசு எல்லாவற்றையும் வைத்தார் ஒரு மனிதர். அவர்தான் பால் கால்வின். பெயர் பரிச்சயமில்லையா? அவர் வைத்த பிராண்டு பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும்... மோட்டோரோலா!

ரயிலடியில் பாப்கார்ன்

1895 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஹார்வர்டு என்ற சின்ன ஊரில் பிறந்தார் பால் கால்வின். பெரிய பல்கலைக்கழகம் இருக்கிற ஹார்வர்டு வேறு, இது வேறு. இந்த ஹார்வர்டு ஒரு ரயில் ஜங்ஷன். ரயில் நின்றால் பயணிகளுக்குப் பசிக்கும் இல்லையா? பள்ளிக்கூடத்துப் பையனான பால், பாப்கார்ன் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். மற்ற பையன்களும் அதே யோசனையோடு வந்து சேர்ந்தார்கள். தள்ளுமுள்ளு, சண்டை, போட்டி... யார் முதலில் ஜன்னலோரம் போகிறாரோ அவருக்குத்தான் காசு. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போகணும் என்ற பாடம் அவருக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது. பின்னாளில் இதுதான் அவரைக் காப்பாற்றியது.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், படிப்பை முடிக்காமலே வெளியே வந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக பிரான்ஸ் போய்த் திரும்பினார். 1920-ல் லில்லியனைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்து என்ன? பிசினஸ்தான்.

இரண்டு முறை மூழ்கிய கடை

1921-ல் நண்பர் எட்வர்டு ஸ்டீவர்ட்டுடன் சேர்ந்து விஸ்கான்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டில் பேட்டரி தயாரிக்கும் கம்பெனி தொடங்கினார் கால்வின். 1923-ல் அது படுத்துவிட்டது. வரி பாக்கிக்காக அதிகாரிகள் கட்டடத்தைப் பூட்டியபோது, உள்ளே மாட்டியிருந்த தன் ஓவர்கோட்டைக்கூட அவரால் எடுக்க முடியவில்லை என்று ஒரு கதை உண்டு. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். வேறு வழியில்லாமல் சிகாகோவில் ஒரு மிட்டாய் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனால், பேட்டரி ஆசை விடவில்லை. 1926-ல் மீண்டும் ஸ்டீவர்ட்டுடன் கூட்டு. இந்த முறை தயாரித்தது ‘பேட்டரி எலிமினேட்டர்’. அந்தக் காலத்து வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில்தான் பாடும். வால்வுகளின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, அதிக வோல்டேஜுக்கு இன்னொரு பேட்டரி என்று கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். எலிமினேட்டரைப் பொருத்தினால் சுவர் பிளக்கிலேயே ரேடியோவை ஓட்டலாம். நல்ல யோசனைதான். ஆனால் 1928-ல் அந்தக் கம்பெனியும் மூழ்கியது.

ரெண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட ஒருவர் அடுத்து என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் மாசச் சம்பளத்துக்குத் திரும்பியிருப்பார்கள். கால்வின் தன் சொந்தக் கம்பெனியின் ஏலத்துக்கே போனார். கடன் வாங்கி, எலிமினேட்டர் பிரிவை மட்டும் 750 டாலருக்கு எடுத்தார். 1928 செப்டம்பர் 25-ல் தம்பி ஜோவுடன் சேர்ந்து சிகாகோவில் ‘கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷன்’ பிறந்தது. கையிருப்பு 565 டாலர். வேலையாட்கள் ஐந்து பேர். முதல் வாரச் சம்பளக் கணக்கு மொத்தமே 63 டாலர்.

இங்கேதான் ஒரு சிக்கல். வீட்டு மின்சாரத்திலேயே நேரடியாக ஓடும் ரேடியோக்கள் அதற்குள் கடைகளுக்கு வந்துவிட்டன. எலிமினேட்டருக்கு ஆயுள் குறைவு என்பது கால்வினுக்குப் புரிந்தது. மற்ற கடைகளின் பெயரில் விற்க ரேடியோ பெட்டிகள் தயாரித்துக் கொடுத்தார். அடுத்த வருடமே, 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. சரக்கு தேங்கியது, விலை பாதாளத்துக்குப் போனது. மூன்றாவது முறையும் கடையை மூடவேண்டிய நிலை.

காருக்குள் பாட்டு... என்ன கஷ்டம்?

அப்போது அமெரிக்காவில் சிலர் ஆர்வக்கோளாறில் தங்கள் காரில் ரேடியோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். காருக்கென்றே செய்த ரேடியோக்களும் இருந்தன. ஆனால் விலையும், மாட்டும் செலவும் சேர்ந்து சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இதையே எல்லா காருக்கும் பொருந்தும்படி, கட்டுப்படியாகும் விலையில் செய்தால்? வீட்டு ரேடியோ சந்தையில் நூறு பேர் மோதுகிறார்கள். காரில் கூட்டம் இல்லை. ரயிலடியில் யாரும் நிற்காத ஜன்னலைப் பார்த்துவிட்டார் பாப்கார்ன் பையன்.

எல்மர் வேவரிங் என்ற இளைஞர், வில்லியம் லியர் என்ற ரேடியோ கில்லாடி உள்ளிட்டவர்கள் இந்த வேலையில் இறங்கினார்கள். (லியர் வேறு யாருமில்லை, பின்னாளில் லியர்ஜெட் விமானங்களைச் செய்தவரேதான்!) அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் வரிசைகட்டி நின்றன.

முதல் எதிரி, இன்ஜின். ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் அது ஒரு குட்டி ரேடியோ நிலையம்தான். டிஸ்ட்ரிபியூட்டர், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைச்சலை அனுப்பும். இன்ஜினை நிறுத்தினால் பாட்டு, ஓடவிட்டால் கடகட சத்தம் மட்டும்! இதைச் சமாளிக்க ஒவ்வொரு பிளக்கிலும் ரெசிஸ்டர், ஜெனரேட்டரில் கெப்பாசிட்டர், ரேடியோவைச் சுற்றி உலோகக் கவசம் என்று ஒவ்வொன்றாக அடக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, மின்சாரம். கார் பேட்டரி 6 வோல்ட். வால்வுகளுக்கோ அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதற்காகத் தனி உலர் பேட்டரிகளை ஒரு பெட்டியில் வைத்து, காரின் தரையை வெட்டி அடியில் தொங்கவிட்டார்கள்.

மூன்றாவது, ஆன்டெனா. அன்றைய கார்களின் கூரையில் நடுப்பகுதி இரும்பு இல்லை. மரச்சட்டத்தின் மேல் துணி. உள்பக்கத் துணியைப் பிரித்து, கம்பி வலையைப் பரப்பி, மறுபடி தைக்க வேண்டும். நான்காவது, குலுக்கல். வீட்டு மேசையில் ஆடாமல் உட்கார்ந்திருந்த வால்வு, குண்டும் குழியுமான சாலையில் எத்தனை நாள் தாங்கும்?

நெருப்பு பிடித்த பேக்கார்டு

பணம் தீர்ந்துகொண்டிருந்தது. கடன் கேட்டு ஒரு வங்கியாளரை அணுகினார் கால்வின். அவரை அசத்துவதற்காக அவருடைய பேக்கார்டு காரிலேயே ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தார்களாம். மாட்டிய அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது என்று மோட்டோரோலா வட்டாரத்தில் காலகாலமாகச் சொல்லப்படும் கதை இது. கடன் கிடைத்திருக்குமா என்ன?

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டி நகரில் ரேடியோ தயாரிப்பாளர்களின் மாநாடு. அங்கே ஸ்டால் போடக் கால்வினிடம் காசு இல்லை. தன் ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டிக்கொண்டு, சிகாகோவிலிருந்து 800 மைலுக்கு மேல் ஓட்டிப் போனார். மாநாட்டுக்கு வருகிறவர்கள் கடந்துபோகும் இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தி, வால்யூமைக் கூட்டினார். அவ்வளவுதான் விளம்பரம்!

வந்தவர்கள் நின்றார்கள். எட்டிப் பார்த்தார்கள். காருக்குள் உட்கார்ந்து கேட்டார்கள். வழியில் போன வியாபாரிகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காட்டிய கால்வின், ஆர்டர்களோடு சிகாகோ திரும்பினார். மூச்சு விட இடம் கிடைத்தது.

பெயர் வைக்க வேண்டுமே? மோட்டார் என்றால் வண்டி. ‘ஓலா’ என்பது விக்ட்ரோலா போன்ற இசைப்பெட்டிகளால் அன்றைய அமெரிக்கர்களின் காதுக்குப் பழகியிருந்த விகுதி. இரண்டையும் சேர்த்தார்... மோட்டோரோலா. ஒருநாள் காலை சவரம் செய்யும்போது இது தோன்றியது என்பார்கள்.

மாட்டுவதில் இருக்கு விஷயம்!

முதல் மாடலான ‘5டி71’ ஏறக்குறைய 110 டாலருக்கு மேல் விற்கப்பட்டது. அன்றைக்கு ஒரு புது ஃபோர்டு காரே 500, 600 டாலருக்குள் கிடைக்கும்! கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கை ரேடியோவுக்குக் கொடுக்க யார் வருவார்? 1930-ம் வருடம் நஷ்டத்தில்தான் முடிந்தது. போதாததற்கு, ஓட்டுநரின் கவனம் சிதறும், விபத்து நடக்கும் என்று கார் ரேடியோவுக்குத் தடை கேட்டும் குரல்கள் எழுந்தன. இன்று டேஷ்போர்டில் டச் ஸ்கிரீன் வைக்கலாமா கூடாதா என்று நாம் பேசுகிற அதே பேச்சு!

கால்வின் ஒரு விஷயத்தை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். கார் ரேடியோ என்பது கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டி இல்லை. நல்ல செட்டைச் சரியில்லாமல் மாட்டினால் திட்டு விழப்போவது மாட்டியவருக்கு இல்லை, மோட்டோரோலாவுக்கு. எனவே மாட்டும் வேலையைச் சுலபமாக்குவதும், அதைச் சரியாகச் செய்யும் ஆட்களை உருவாக்குவதும் விற்பனையின் பாதி என்று நடந்துகொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக டீலர்களைத் தேடினார். பின்னர் குட்ரிச் டயர் கடைகள் மூலம் விற்று, அங்கேயே மாட்டித் தரவும் ஏற்பாடு செய்தார். டயர் மாற்ற வருகிறவர் ரேடியோவோடு திரும்புவார். வாடிக்கையாளர் எங்கேயோ, கடை அங்கே!

தொழில்நுட்பமும் கைகொடுத்தது. 6 வோல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியே உயர்த்தும் ‘வைப்ரேட்டர்’ வந்ததால், தரைக்கடியில் தொங்கிய பேட்டரிப் பெட்டி ஒழிந்தது. 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தபோது, கூரைக்குள் கம்பிவலை வேலைக்கு ஆகவில்லை. ஆன்டெனா ஃபுட்போர்டுக்கு அடியிலும், பிறகு வெளியே நீட்டிய கம்பியாகவும் இடம் மாறியது. விலையும் இறங்க இறங்க, சாதாரண ஃபோர்டு, ஷெவர்லே கார்களிலும் பாட்டு கேட்க ஆரம்பித்தது.

அன்று அவர்கள் பட்ட பாடு இன்றைக்கும் உங்கள் காரில் மிச்சமிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று ஏறும் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அது ஆல்டர்னேட்டரின் கைங்கர்யம். கிரவுண்டு ஒயரைப் பெயின்ட் சுரண்டாமல் மாட்டியிருப்பார்கள், அல்லது பவர் ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒரே பக்கமாகக் கட்டி இழுத்திருப்பார்கள். பவர் ஒயரை ஒரு பக்கம், சிக்னல் ஒயரை மறுபக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரில், பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அந்த பேக்கார்டு கதை நிஜமோ இல்லையோ, ஃபியூஸ் இல்லாத ஒயர் உரசினால் தீப்பிடிப்பது நிஜம்.

படகில் மாட்டுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் வேலை. காரில் பாடியையே கிரவுண்டாக வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் படகில் அது நடக்காது, நெகட்டிவ் ஒயரையும் பேட்டரிவரை இழுத்தாக வேண்டும். உப்புக்காற்றில் சாதாரணச் செம்பு கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் தேவை. முக்கியமாக, ஸ்பீக்கரின் காந்தம் திசைகாட்டியைத் திருப்பிவிடும். பாட்டு கேட்டுக்கொண்டே திசை தவறக் கூடாது, இல்லையா?

போலீஸ் காரும் போர்க்களமும்

சாதாரணக் கார்களுக்கான ரேடியோ, நாள் முழுக்க ஓடும் போலீஸ் வண்டிகளுக்குத் தாங்காது. 1936-ல் ஒரே அலைவரிசையில் நிலைநிறுத்தப்பட்ட, முரட்டுத்தனமான ‘போலீஸ் குரூசர்’ ரேடியோவைக் கொண்டுவந்தார் கால்வின். அதே வருடம் குடும்பத்தோடு ஐரோப்பா போனவர், ஜெர்மனியின் நிலவரத்தைப் பார்த்து, போர் வரப்போகிறது என்ற முடிவோடு திரும்பினார்.

அந்தக் கணிப்பு பலித்தது. கையில் பிடித்துப் பேசும் ‘ஹேண்டி-டாக்கி’ 1940-ல் உருவானது. அடுத்து, டேனியல் நோபிள் தலைமையில் எஃப்.எம். முறையில் இயங்கும், முதுகில் சுமக்கும் ‘வாக்கி-டாக்கி’ வந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் காதும் வாயுமாக இவை இருந்தன. இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே பாட்டைப் பிரித்தெடுக்கக் கற்றவர்களுக்கு, குண்டுச் சத்தத்துக்கு நடுவே குரலைப் பிரித்தெடுக்கும் வேலை!

வெளியே கம்பெனி வளர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. 1942 அக்டோபரில், எவன்ஸ்டன் நகரில் இருந்த வீட்டிலேயே மனைவி லில்லியனும் வீட்டுப் பணிப்பெண்ணும் கொலை செய்யப்பட்டார்கள். மார்ஷ்ஃபீல்டில் கடை பூட்டப்பட்ட நாளிலிருந்து அட்லாண்டிக் சிட்டி வரை எல்லா ஏற்ற இறக்கத்திலும் கூட இருந்தவர் லில்லியன். இரண்டே வருடங்களில், 1944-ல் தம்பி ஜோவும் இறந்துபோனார். 63 டாலர் சம்பளக் கணக்கில் தொடங்கிய வண்டியை இழுத்த இரண்டு பக்கத் துணையும் போய்விட்டது. போர் ஆர்டர்கள் குவிந்த, கம்பெனி தலைநிமிர்ந்த அந்த வருடங்கள்தான் அவர் வாழ்க்கையின் இருண்ட வருடங்களும்கூட. அவர் வேலையை விடவில்லை. மகன் பாப் கம்பெனிக்குள் வந்து தோள் கொடுத்தார்.

1947-ல் கம்பெனியின் பெயரே மோட்டோரோலா என்று மாறியது. ரேடியோவுக்கு வைத்த பெயர், அப்பா பெயரான கால்வினை ஓரம்கட்டிவிட்டது! அதே வருடம் தொழிலாளர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுக்கும் திட்டத்தையும் தொடங்கினார். ஒருகாலத்தில் வாரச் சம்பளத்துக்கே திண்டாடிய முதலாளி செய்த காரியம் இது.

கடைசிச் சத்தம்

1949-ல் ஃபீனிக்ஸ் நகரில் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கப்பட்டது. 1950-களின் நடுவில் மோட்டோரோலா அதிகத் திறன்கொண்ட டிரான்சிஸ்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் வேலை என்ன தெரியுமா? கார் ரேடியோதான்! அடிக்கடி தேய்ந்துபோகும் வைப்ரேட்டரும் அதன் ‘உம்ம்’ சத்தமும் விடைபெற்றன. ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் முன்பு தரையை வெட்டித் தொங்கவிட்ட பேட்டரிப் பெட்டியின் வேலையை, சட்டைப் பட்டன் அளவு பொருள்கள் செய்யத் தொடங்கின.

1956-ல் மகன் பாபைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார் பால் கால்வின். ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, 1959 நவம்பர் 5 அன்று தன் 64-வது வயதில் இறந்தார்.

அவர் பார்க்காமல் போனவை நிறைய. பழைய சகா லியர் உருவாக்கிய 8-டிராக் டேப், 1966 மாடல் ஃபோர்டு கார்களில் மோட்டோரோலா செய்த பிளேயரோடு வந்தது. எல்மர் வேவரிங் அதே கம்பெனியின் தலைவர் பதவிவரை உயர்ந்தார். 1973-ல் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் செல்போனில் உலகின் முதல் அழைப்பைப் பேசியதும் மோட்டோரோலாதான். பிற்பாடு கார் ரேடியோ தொழிலையே விட்டு அந்தக் கம்பெனி வெளியேறிவிட்டது.

ஆனாலும் பெயரில் ‘மோட்டார்’ மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை யாராவது மோட்டோ போனை எடுத்து மேசையில் வைத்தால், அந்தப் பெயருக்குள் ஒரு ஸ்டுடிபேக்கர் கார் நிற்பதைச் சொல்லுங்கள். ஸ்டால் போடக் காசில்லாமல், வெயிலில், வால்யூமைக் கூட்டி வைத்துக்கொண்டு!